எண்பத்தைந்து விழுக்காடு, எதில்?



இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர் ஒருவர் தம் பதிவேட்டில் “விடை 9.8” என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் நான் கையெழுத்திடுவதில்லை. 9.8 என்பது என்ன? மீட்டரா, கிலோகிராமா, மாம்பழமா? அலகு போட்டுக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவேன். அலகு வந்த பிறகு இன்னொன்றும் கேட்பேன்: எத்தனை முறை அளந்தாய், ஒவ்வொரு முறையும் எவ்வளவு முன்பின்னாக வந்தது? மாணவர்கள் இதை வாத்தியாரின் பிடிவாதம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அளவு என்ற பெயரில் நம்மிடம் வரும் எதையும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் உட்படுத்தித்தான் ஆகவேண்டும். சின்னஞ்சிறு குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றி அங்கன்வாடிப் பணியாளர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடத்திலும் இவற்றைக் கேட்க வேண்டியிருக்கும் என்று மட்டும் நான் எண்ணியதில்லை.

திருவண்ணாமலையில் நான் குடியிருக்கும் தெரு, கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கிறது. தெருக்கோடியில் ஓர் அங்கன்வாடி மையம். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பால்வாடி என்றே சொல்வார்கள். அங்கே பணிபுரிபவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அக்கா என்று அழைப்பேன். ஒரு நாள் மாலை, அட்டை கிழிந்த நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பல ஆண்டுகளாகப் பல பயிற்சிகளில் உட்கார்ந்து அவர் எழுதிய குறிப்புகள் அதில் இருந்தன.

“சார், ஒரு பையனோட அப்பா வந்து சண்டை போடறாரு. ஆறு வயசுக்குள்ள மூளை எண்பத்தஞ்சு பர்சென்ட் வளர்ந்துடும்னு நீங்கதானே மீட்டிங்குல சொன்னீங்க. எம் பையனுக்கு நாலு முடிஞ்சிடுச்சு, இன்னும் ‘அ’ கூட எழுத வைக்கலியே, மிச்சம் ரெண்டு வருசத்துல என்னா பண்ணுவீங்கன்னு கேக்கறாரு. நான் என்னா பதில் சொல்லட்டும்?”

நோட்டைப் பிரித்தேன். எண்பத்தைந்து விழுக்காடு என்று பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் இடப்பட்டிருந்தது. எதில் எண்பத்தைந்து என்று எங்கும் இல்லை.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலேயே, ஒரு குழந்தையின் மொத்த மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்ற கருத்து இடம்பெற்றுள்ளது. அதற்குப் பிறகு அந்த எண் பேச்சுகளிலும் சுவரொட்டிகளிலும் தனியார் மழலையர் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளிலும் ஏறிவிட்டது. நல்ல நோக்கத்தோடு சொல்லப்பட்ட எண்தான். சிறு குழந்தைகளுக்காக அரசு பணம் ஒதுக்கவேண்டும், ஆறு வயதில் முதல் வகுப்பில் சேரும்வரை குழந்தை சும்மா இருக்கிறது என்று நினைக்கக்கூடாது என்று வலியுறுத்த ஓர் எண் தேவைப்பட்டிருக்கிறது. நோக்கம் நல்லதாக இருந்தால் அலகு வேண்டாமா என்பதே என் கேள்வி.

மூளை வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது? எடையை எடுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் வரை இருக்கும். வளர்ந்தவரின் மூளை 1,300 அல்லது 1,400 கிராம். முதல் ஆண்டிலேயே அது இரு மடங்காகிவிடுகிறது. ஆறு வயதில் வளர்ந்தவரின் எடையில் சுமார் 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. இந்தக் கணக்கில் 85 என்பது ஓரளவு பொருந்தும், கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்லலாம்.

சரி, எடையை விடுவோம். நரம்பு உயிரணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்புகளை எண்ணுவோம். சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற நரம்பியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளையின் முன்பகுதியிலிருந்து எடுத்த திசுவை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து இச்சந்திப்புகளை எண்ணி 1979-இல் வெளியிட்டார். அவற்றின் நெருக்கம் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் உச்சத்தை அடைகிறது. அப்போது அது வளர்ந்தவரிடம் உள்ளதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பிறகு பதினாறு வயதுவரை படிப்படியாகக் குறைகிறது! பயன்படும் இணைப்புகள் நிலைக்கின்றன, பயன்படாதவை கழிகின்றன. தோட்டக்காரர் கிளைகளைக் கழித்துவிடுவதைப் போன்ற வேலை இது. இந்த அளவுகோலில் ஆறு வயதுக் குழந்தையின் “வளர்ச்சி” நூறு விழுக்காட்டுக்கும் மேல். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் தேய்வு என்று சொல்வீர்களா?

மூன்றாவதாக, நரம்பிழைகளைச் சுற்றி மின்கம்பியின் உறைபோலப் படியும் மயலின் என்ற கொழுப்புப் பொருளை அளக்கலாம். செய்தி வேகமாக ஓடுவதற்கு இது தேவை. முன்மூளையின் சில இழைகளில் இந்த உறை இருபது வயதைத் தாண்டியும் படிந்துகொண்டிருக்கிறது. இந்தக் கணக்கில் ஆறு வயதுக் குழந்தை வெகுதூரம் பின்னால் நிற்கும்.

ஆக ஒரே குழந்தை, ஒரே மூளை. ஓர் அளவில் 90, இன்னோர் அளவில் 100-க்கு மேல், மற்றொன்றில் மிகக் குறைவு. இவற்றையெல்லாம் கூட்டி “மொத்த வளர்ச்சி” என்று ஓர் எண் தருவது, ஒரு பேருந்தின் நீளத்தையும் எடையையும் கட்டணத்தையும் கூட்டுவதற்கு ஒப்பானது.

இதனால் முதல் ஆறு ஆண்டுகள் முக்கியமல்ல என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மிகவும் முக்கியமானவை. சில இடங்களில் உண்மையாகவே கதவு மூடிக்கொள்ளும். டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவரும் பிறந்த சில நாட்களேயான பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடித் தைத்து, சில வாரங்கள் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண் நன்றாகவே இருந்தது; ஆனால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தும் திறனை இழந்துவிட்டிருந்தது. 1963-இல் வெளிவந்த இந்த ஆய்வும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளும் அவர்களுக்கு 1981-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தன. பிறவிக் கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்கு உடனே அறுவை செய்யவேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுவது இதனால்தான். தாய்மொழியைக் கேட்பதற்கும், ஒரு மனிதரின் மடியை நம்பி வளர்வதற்கும்கூடக் காலம் உண்டு.

ஆனால் “அ” எழுதுவதற்கு அப்படி ஒரு கதவு கிடையாது. இதற்கு வெளிநாட்டுச் சான்று தேடிப் போகவேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைக்கும் பெண்கள் முதல் பேரன் எடுத்த பாட்டிமார் வரை ஆயிரக்கணக்கானோர் மாலை நேரங்களில் அமர்ந்து எழுதப் படிக்கக் கற்றார்கள். அதோடு சைக்கிளும் கற்றார்கள். எண்பத்தைந்து விழுக்காடு போக எஞ்சிய பதினைந்தில் இது எப்படி நடந்தது என்று அந்தத் தகப்பனாரிடம் கேட்கலாம்.

மறுபக்கத்தாரும் அரைகுறை அறிவியலையே கையில் எடுக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று வயதுக் குழந்தையின் மணிக்கட்டு எக்ஸ் கதிர்ப் படத்தைக் காட்டி, “பாருங்கள், எட்டு எலும்பில் மூன்றுதான் இருக்கிறது, எப்படி எழுதும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எலும்புகள் இல்லாமல் இல்லை, குருத்தெலும்பாக இருக்கின்றன. சுண்ணாம்பு ஏறாததால் படத்தில் தெரிவதில்லை, அவ்வளவுதான். அதே கையால்தான் குழந்தை தரையில் சிதறிய பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறது. மூன்று வயதில் எழுத வைக்கக்கூடாது என்ற முடிவில் எனக்கும் உடன்பாடே. குழந்தை பென்சிலை முழங்கையோடு சேர்த்து அசைக்கிறதா, விரலால் அசைக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே அது விளங்கும். பயமுறுத்தும் படம் எதற்கு?

அக்காவின் நோட்டில் அடுத்த பக்கம் ஓர் அட்டவணை. உட்காருதல் 6 மாதம், தவழ்தல் 8 மாதம், நடத்தல் 12 மாதம். இப்போது அலகு இருக்கிறது. என் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் இல்லை. முன்பின் எவ்வளவு?

இதற்கு மிக நல்ல விடை கைவசம் உள்ளது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில், நல்ல உணவும் கவனிப்பும் பெற்ற 816 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் தில்லியைச் சேர்ந்தவர்கள். பிடிமானம் இல்லாமல் நடப்பது சராசரியாகப் பன்னிரண்டு மாதத்தில்தான். ஆனால் வீச்சு 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை! உதவியின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 வரை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 வரை, அப்படித் தவழாமலேயே எழுந்து நடந்துவிட்ட குழந்தைகள் நூற்றுக்கு நால்வருக்கு மேல். நம் வீடுகளில் உட்கார்ந்தபடியே நகரும் குழந்தையைப் பார்த்து “தவழவே இல்லையே” என்று கவலைப்படும் பாட்டிகளுக்கு இது ஆறுதலான செய்தி.

சராசரியை மட்டும் மனப்பாடம் செய்தவரிடம் பதினான்கு மாதத்தில் நடக்காத குழந்தை வந்தால் என்ன ஆகும்? சராசரி என்றாலே ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் அதற்குப் பின்தான் வருவார்கள் என்பது கணிதம். எனவே வரும் தாய்மாரில் பாதிப் பேரை வீணாக அழவைக்க நேரும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள்கூட முன்பு பெற்றோருக்குத் தந்த பட்டியலில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் எட்டும் வயதையே குறித்திருந்தன. 2022-இல் நான்கில் மூன்று குழந்தைகள் எட்டும் வயதாக அதை மாற்றி எழுதினார்கள்.

இதைவிட மோசமான தவறு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. நாலைந்து முறை இப்படிப் பொய்யாக எச்சரித்து ஏச்சு வாங்கிய பணியாளர், ஐந்தாவது முறை “எல்லாம் தானாச் சரியாகிடும்” என்று சொல்லப் பழகிவிடுவார். அந்த ஐந்தாவது குழந்தைக்குக் காது கேளாமல் இருந்தால்? காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் எழுப்பும், கூவும், சிரிக்கும். அதனால் வீட்டாருக்குத் தெரிவதில்லை. “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு” என்று இரண்டு ஆண்டு போய்விடும். மேலே சொன்னேனே, தாய்மொழியைக் கேட்பதற்குக் காலம் உண்டு என்று; அந்தக் காலம் இங்கே வீணாகிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. ஆனால் அங்கே அனுப்பவேண்டிய குழந்தை எது என்று முதலில் சொல்லவேண்டியவர் பெரும்பாலும் நம் தெருமுனைப் பால்வாடிப் பணியாளர்தான். மருத்துவர் அந்தக் குழந்தையைப் பத்து நிமிடம் பார்ப்பார். பணியாளர் அதை நாள்தோறும் பார்க்கிறார்.

இதற்கேற்ற கருவி நம் பக்கத்து மாநிலத்திலேயே உருவானது. திருவனந்தபுரத்தில் குழந்தை மருத்துவர் எம்.கே.சி. நாயரும் அவருடைய குழுவினரும் 1991-இல் வெளியிட்ட வளர்ச்சிப் பரிசோதனை அட்டை அது. இரண்டு வயது வரையிலான 17 செயல்கள் மட்டும். பரோடாவில் பிரமிளா பாடக் இந்தியக் குழந்தைகளை வைத்து எடுத்திருந்த அளவுகளை அடிப்படையாகக் கொண்டார்கள். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு படுக்கைக் கோடு. கோட்டின் இடது முனை, நூற்றில் மூன்று குழந்தைகள் அதைச் செய்துவிடும் வயது. வலது முனை, நூற்றில் தொண்ணூற்றேழு பேர் செய்துவிடும் வயது. குழந்தையின் வயதுக்கு நேராகப் பென்சிலை நிற்க வைக்கவேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுவதுமாக முடிந்துபோன கோடு ஏதேனும் இருந்து, அந்தச் செயலைக் குழந்தை செய்யவில்லை என்றால், அனுப்பிவைக்க வேண்டும். இவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் செய்யலாம். இந்த அட்டை எத்தனை குழந்தைகளைத் தவறவிடுகிறது என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. உண்மையில் தாமதம் உள்ள குழந்தைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரையே இது பிடிக்கிறது. தன் பிழையைத் தானே சொல்லும் கருவியைத்தான் இயற்பியல்காரர்கள் நம்புவோம். 85 என்ற எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி நோட்டின் மூன்றாவது பக்கம். பியாஜே. ஆசிரியர் பயிற்சி என்று எதைத் திறந்தாலும் இவர் நிற்பார். சுவிட்சர்லாந்து நாட்டவர், 1896-இல் பிறந்து 1980-இல் மறைந்தார். இரண்டு வயது வரை ஒரு நிலை, ஏழு வரை ஒரு நிலை, பதினொன்று வரை ஒரு நிலை, அதன்பின் ஒரு நிலை என்று நான்கு கட்டங்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு உறுதியான கேள்வி.

அவருடைய புகழ்பெற்ற சோதனையை நம் வீட்டு டம்ளர் டவராவிலேயே செய்யலாம். ஒரே அளவான இரண்டு டம்ளர்களில் சமமாக மோர் ஊற்றி, ஐந்து வயதுக் குழந்தையிடம் “இரண்டிலும் ஒரே அளவா?” என்று கேட்க வேண்டும். ஆம் என்றதும் ஒரு டம்ளரில் இருப்பதை அகலமான டவராவில் ஊற்றிவிட்டு மறுபடியும் கேட்க வேண்டும். எதிர்வீட்டுச் சிறுமியிடம் கேட்டேன். “டம்ளர்லதான் நிறைய” என்றாள். பியாஜே சொன்னபடியே! உயரத்தைப் பார்க்கிறாள், அகலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. ஏழு வயதுக்கு முன் இது வராது என்று பாடம் சொல்லும். மறுநாள் காலை அவளுடைய அம்மா பாலை டம்ளரிலிருந்து டவராவுக்கு ஊற்றிக் கொடுத்தபோது, “பாப்பா, பால் குறைஞ்சு போச்சா?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “ஆத்தறதுக்குத்தானே ஊத்தினாங்க!”

ஒரு குழந்தை, ஒரு டம்ளர். இதனால் எதுவும் நிரூபணமாகாது. ஆனால் இதே ஐயம் ஆய்வாளர்களுக்கும் வந்திருக்கிறது. எடின்பரோவில் ஜேம்ஸ் மெக்காரிகல், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இருவரும் 1974-இல் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். சம எண்ணிக்கையில் இரண்டு வரிசைப் பொருள்கள். வழக்கமாகச் சோதனை செய்பவர் ஒரு வரிசையைக் கலைத்து நீட்டிவிட்டு, எதில் அதிகம் என்று கேட்பார். இங்கே அவர் கலைக்கவில்லை. குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று பெட்டியிலிருந்து பாய்ந்து வந்து கலைத்துவிட்டது! பெரியவர் கலைத்தபோது “மாறிவிட்டது” என்று சொன்ன நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர், கரடி கலைத்தபோது “அதே அளவுதான்” என்றார்கள்.

காரணம் என்னவாக இருக்கும்? பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே ஒன்றைச் செய்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், விடையும் மாறவேண்டும் போலிருக்கிறது என்று குழந்தை எண்ணுகிறது. நம் வகுப்புகளில் இது நாள்தோறும் நடப்பதுதானே? என் மாணவனிடம் கேள்வி கேட்கிறேன், சரியாகச் சொல்கிறான். காதில் விழாமல் “என்ன?” என்கிறேன். உடனே விடையை மாற்றிவிடுகிறான்! ஆசிரியர் இரண்டாம் முறை கேட்டால் முதல் விடை தவறு என்பது அவன் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் கற்ற பாடம். அவன் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று பியாஜேயின் அட்டவணையில் தேடுவது வீண். கரடிச் சோதனையின் பொருள் குறித்தும் பின்னால் மறுப்புகள் வந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும்; கரடியின் கூத்தில் குழந்தை வரிசையைக் கவனிக்கவே இல்லை என்று வாதிட்டவர்கள் உண்டு.

மெக்சிகோ நாட்டில் 1969-இல் வெளியான இன்னோர் ஆய்வு நமக்கு நெருக்கமானது. குயவர் வீட்டுக் குழந்தைகளையும் மற்ற வீட்டுக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். களிமண் உருண்டையைத் தட்டையாக்கினால் மண்ணின் அளவு மாறுமா என்ற கேள்வியில், குயவர் வீட்டுக் குழந்தைகளே முந்தி நின்றார்கள். கார்த்திகைக்கு முன்னால் எங்கள் ஊர்ச் சுற்றுவட்டாரத்தில் அகல் செய்யும் வீடுகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. வயது மட்டும் வேலை செய்வதில்லை. கையில் எது பழகியிருக்கிறது என்பதும் வேலை செய்கிறது.

அப்படியானால் பியாஜேயைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு, விடக்கூடியதை எடுத்துக்கொண்டோம் என்பதே என் வருத்தம். 1920-ஐ ஒட்டி அவர் பாரிஸில், அறிவுத்திறன் சோதனையை உருவாக்கிய பினேயின் பெயரோடு தொடர்புடைய ஆய்வகத்தில் ஓர் எளிய வேலை பார்த்தார். குழந்தைகளிடம் கேள்விகளைக் கேட்டுச் சரி, தவறு என்று குறிக்கும் வேலை. அவருக்குச் சரியான விடைகளில் சுவாரசியம் இல்லை. தவறான விடைகளில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டார். “ஏன் அப்படிச் சொல்கிறாய்? உனக்கு எப்படித் தெரியும்?” என்று குழந்தையோடு பேச ஆரம்பித்தார். அந்தப் பேச்சிலிருந்துதான் அத்தனை நூல்களும் பிறந்தன. நம் பயிற்சிகளிலோ அந்தப் பேச்சு போய்விட்டது. நான்கு கட்ட அட்டவணை மட்டும் தங்கிவிட்டது.

அட்டவணையை ஒரு மணி நேரத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடலாம். குழந்தையைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க அது போதாது. 1939-இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து நடத்திய முதல் பயிற்சியில் முந்நூறு பேர் வரை சேர்ந்தார்கள். சில மாதங்களுக்கென்று வந்தவரைப் போர் தடுத்துவிட்டது; இத்தாலியர் என்பதால் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, கொடைக்கானலிலும் சில காலம் கழித்து, 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். ஆசிரியர் முதலில் வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும் என்பதை அவர் பயிற்சியின் அடித்தளமாகவே வைத்தார். இந்த ஒன்றில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பேன். குழந்தைக்கு “உணர்வுமிக்க பருவங்கள்” உண்டு என்ற அவருடைய கோட்பாட்டில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒளியை நாடும் கம்பளிப்புழுவை வைத்து ஹியூகோ டி விரீஸ் என்ற உயிரியலாளர் சொன்னதிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். புழுவின் பருவம் சட்டென்று முடிகிறது. குழந்தையின் பருவங்கள் பெரும்பாலும் மெல்லச் சரிகின்றன. பருவம் போய்விட்டால் போய்விட்டது என்ற பயம் பெற்றோரிடம் பரவியதில் இந்த உவமைக்கும் பங்கு இருக்கக்கூடும்.

இன்றைய நிலை என்ன? 1975 அக்டோபர் 2-இல் நாட்டில் 33 திட்டப் பகுதிகளில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. 2023-இல் மத்திய அரசு, ஊட்டத்தோடு படிப்பும் என்ற பொருள்படும் பெயரில் புதிய பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பணியாளருக்கு மூன்று நாள். அதற்காக வந்துள்ள கையேடுகளில் மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் 140 செயல்பாடுகள் தரப்பட்டுள்ளன. அந்த வயதுக் குழந்தைகளோடு விளையாடுவதும் பேசுவதும் பாடுவதும் கல்வியே என்று அரசே சொல்லியிருப்பது பாராட்டவேண்டிய மாற்றம். ஆனால் வெர்னியர் அளவியைச் சரியாகப் படிக்க என் மாணவர்களுக்கு நான் மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறேன். அளவி அழாது, தூங்காது, மூக்கு ஒழுகாது. கல்விக் கொள்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயமும் சொல்கிறது. அதிலும் பெரும்பகுதி தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் என்கிறது. கைப்பேசியில் குழந்தையைப் பார்க்கலாம். குழந்தை திரும்பப் பார்க்காதே!

அதிகம் படித்தவரை அனுப்பிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 2019 சனவரியில் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கி, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றியது. ஆசிரியர்கள் எதிர்த்தார்கள், உயர்நீதிமன்றம் வரை வழக்கு சென்றது. அது பதவியிறக்கம் என்ற மனக்குறை அவர்களுக்கு இருந்தது. கூடவே, மழலையர் வகுப்புக்கான பயிற்சி எங்களுக்கு இல்லை என்றும் சொன்னார்கள். முதல் பாதியில் எனக்கு அவ்வளவு அனுதாபம் இல்லை. இரண்டாம் பாதி முழு உண்மை. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தத் தெரிந்தவருக்கு மூன்று வயதுக் குழந்தை ஏன் கடிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2022-இல் அவ்வகுப்புகளை மூடுவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்புக்குப் பின் மீண்டும் தொடர்வதாக அறிவிக்கப்பட்டது. யார் நடத்துவது என்ற பேச்சே அப்போதும் நடந்தது. நடத்துபவர் எதைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பேச்சு என் காதில் விழவில்லை.

எங்கள் அக்கா அந்தத் தகப்பனாருக்குப் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை அவரை அரைமணி நேரம் மையத்தில் உட்காரச் சொன்னாராம். பையன் புளியங்கொட்டைகளைப் பெரியது, சிறியது என்று பிரித்து, இடையில் ஒரு கொட்டையை எதில் போடுவது என்று தெரியாமல் கையிலேயே வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தானாம். “அவரும் குனிஞ்சு பாத்துட்டே இருந்தாரு சார். அப்புறமா, அது சின்னதுலதான் வரும்டான்னு அவரே சொல்லிக் கெடுத்துட்டாரு” என்று சிரித்தார்.

பிறகு நோட்டின் பின்பக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கோடுகளையும் வரைந்து தரும்படி கேட்டார். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து அளவுகோலால் வரைந்தேன். உட்காருதல், பிடித்து நிற்றல், தவழ்தல், பிடித்து நடத்தல் நான்கும் அடங்கிவிட்டன. தானாக நிற்பதும் தானாக நடப்பதும் தாளின் ஓரத்தைத் தாண்டிப் போயின. ஒரு துண்டுத்தாளைக் கிழித்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, 17.6 வரை கோட்டை இழுத்து முடித்தோம்.